இவான்சுக் அழுததைப் பார்த்தீர்கள், ஆடியதைப் பார்த்தீர்களா?

போன கிழமை எங்கள் திருகோணமலை செஸ் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும். தோற்றுப்போன ஒரு செஸ் வீரர் அழுகிற வீடியோவை ஒருவர் அங்கே போட்டார். போட்டவரின் பெயரை எழுத மாட்டேன். ஆனால் அதற்குக் கீழே வரிசையாக விழுந்த சிரிப்பு இமோஜிகள், "வயது போனால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே" என்ற வரி, கடைசியில் ஒரு பயிற்றுநரே வந்து "இந்தப் பழைய ஆட்களின்ர ஆட்டத்தைப் பார்த்து நேரத்தை வீணாக்காதேங்கோ, எஞ்சினைப் பாருங்கோ" என்று (எஞ்சின் என்பது செஸ் நகர்வுகளைக் கணக்கிடும் கணினி நிரல்) பிள்ளைகளுக்குச் சொன்னது, இவற்றை எல்லாம் வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தக் குழுவில் பத்து வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அழுகிற அந்த மனிதர் உக்ரைனின் வசில் இவான்சுக். 2024 டிசம்பரில் நியூயோர்க்கில் உலக பிளிட்ஸ் போட்டி, அதாவது சில நிமிடங்களில் முடியும் வேகச் செஸ், நடந்தது. நேர நெருக்கடியில் ஒரு ஆட்டத்தைத் தோற்று மேசையிலேயே உடைந்து அழுதார். அப்போது அவருக்கு 55 வயது. அதைப் பார்த்தீர்கள், சரி. அவர் ஆடியதைப் பார்த்தீர்களா? அதைப் பார்க்காதவருக்கு அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் என் கருத்து. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. பலகையை எடுத்து வையுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி ஜி4, ரூக்குகள் ஏ1, எஃப்1, பிஷப்புகள் ஜி2, இ3, குதிரை ஏ4, சிப்பாய்கள் பி2, எஃப்2, ஜி3, எச்2, எஃப்6. கறுப்பு: ராஜா சி8, ராணி பி5, ரூக்குகள் டி7, எச்8, பிஷப்புகள் பி7, எஃப்8, குதிரை சி5, சிப்பாய்கள் ஏ7, பி4, சி4, டி5, எஃப்7. இரண்டு பக்கமும் சமமான காய்கள். வெள்ளையின் 21ஆவது நகர்வு.

இது 1996 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் இவான்சுக் இன்னொரு முன்னணி வீரரான ஷிரோவுக்கு எதிராக ஆடியது. ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க முறை, செமி-ஸ்லாவின் பொட்வினிக் வகை. செஸ்ஸில் இதைவிடச் சிக்கலான ஓப்பனிங் அதிகம் இல்லை. ஷிரோவோ இந்த வகையை விரும்பி ஆடுகிறவர், சிக்கலில் யாருக்கும் பயப்படாதவர்.

பிள்ளைகளிடம் இந்த நிலையைக் கொடுத்தால் இரண்டு பதில்கள்தான் உடனே வரும். ஒன்று, ராணியால் டி7 ரூக்கை எடுத்து செக் வைப்பது. சி5 குதிரை திருப்பி எடுத்துவிடும், ஒரு ரூக்குக்கு ராணி போய்விட்டது. மற்றது, குதிரையால் சி5 குதிரையை எடுப்பது. இது மோசமான யோசனை அல்ல. ஆனால் கறுப்பு பிஷப்பால் திருப்பி எடுக்கும்போது, எஃப்8இல் அடைபட்டுக் கிடந்த பிஷப் இலவசமாக வெளியே வந்துவிடுகிறது.

இவான்சுக் ராணியை ஜி7இல் கொண்டுபோய் வைத்தார். எஃப்8 பிஷப்பின் வாய்க்குள்ளேயே.

ஏன் என்று பாருங்கள். ராணி எச்8 ரூக்கையும் எஃப்8 பிஷப்பையும் ஒன்றாகத் தாக்குகிறது. ரூக் ஜி8க்கு வந்தால் ரூக்கே போகும். எச் வரிசையில் இறங்கினால் பிஷப் செக்கோடு போகும். ஆகவே பிஷப் ராணியை எடுத்தே ஆகவேண்டும். எஃப்6 சிப்பாய் பிஷப்பை எடுத்து ஜி7இல் உட்காருகிறது, ரூக்கைத் தாக்குகிறது. ரூக் ஜி8இல் வந்து வழியை மறிக்கிறது. அதற்குப் பிறகுதான் வெள்ளைக் குதிரை சி5ஐ எடுக்கிறது. கறுப்பு ராணியால் அதைத் திருப்பி எடுக்க முடியாது, ஏனென்றால் இ3 பிஷப் காவல் இருக்கிறது. குதிரையோ டி7 ரூக்கையும் பி7 பிஷப்பையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. ஜி8 ரூக் அந்தச் சிப்பாயை எடுக்கப் போனால் டி7 ரூக் விழும். ஏ வரிசை திறந்துவிட்டது, ஏ7 சிப்பாயும் ஆபத்தில்.

கணக்குப் பார்த்தால் ராணியைக் கொடுத்து ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும்தான் கிடைத்திருக்கிறது. புள்ளிக் கணக்கில் ஒன்பதுக்கு ஆறு. ஆனால் அந்த ஜி7 சிப்பாய் 29ஆவது நகர்வு வரை உயிரோடு இருந்தது. அதுவரை கறுப்பின் ஒரு ரூக் ஜி8இல் காவற்காரனாக நின்றதே தவிர ஆட்டத்தில் இல்லை. 35ஆவது நகர்வில் ஷிரோவ் தோல்வியை ஏற்றார். அதற்கு அடுத்த மாதம்தான் டீப் புளூ என்ற கணினி முதன்முறையாக ஒரு ஆட்டத்தில் உலக சம்பியன் காஸ்பரோவை வென்றது. காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கைப்பேசியிலும் எஞ்சின் இருந்த காலம் அல்ல அது.

"இப்ப எஞ்சின் அதை ஒரு செக்கனில் கண்டுபிடிக்கும்" என்று யாரோ எழுதப் போகிறீர்கள். கண்டுபிடிக்கட்டும். கேள்வி அது இல்லை. எஞ்சின் உங்கள் பிள்ளைக்கு ஒரு எண்ணைக் காட்டும். ஒரு ரூக்கை ஆட்டத்திலிருந்து வெளியே வைத்திருக்க எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதை அந்த எண் விளக்காது. அதைப் பிள்ளை தன் விரலால் காயை நகர்த்தித்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நம்மூர்ச் சுற்றுப்போட்டிகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உவர்மலையில் ஆடினாலும் கிண்ணியாவில் ஆடினாலும் பாதிப் பிள்ளைகள் வெள்ளையில் லண்டன் சிஸ்டம் என்ற ஒரே ஓப்பனிங். டி4, பிஷப் எஃப்4, இ3, சி3, குதிரை எஃப்3, யோசிக்காமல் கை போகிறது. எதிரில் இருப்பவன் சி5 ஆடி, ராணியை பி6இல் வைத்து பி2 சிப்பாயைத் தாக்கினால் அங்கேயே நின்றுவிடுகிறது. பயந்து பி3 ஆடுகிறார்கள், சி3 பலவீனமாகிறது. ராணியை பி3இல் எதிரே வைக்கலாம், சி4 ஆடி விரட்டினால் சி2க்குப் போகலாம் என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எஞ்சின் வரியில் அடுத்தவன் அப்படி ஆடவில்லையே! மனப்பாடம் முடிந்த இடத்தில் பிள்ளை தனியாக விடப்படுகிறது. அந்த இடத்தில் எப்படி யோசிப்பது என்பதை இவான்சுக்கிடம்தான் படிக்கலாம்.

ஏனென்றால் அவர் எல்லாவற்றையும் ஆடினவர். வெள்ளையில் இ4, டி4, சி4, குதிரை எஃப்3, எதுவும் வரும். கறுப்பில் சிசிலியன், பிரெஞ்சு, காரோ-கான், ஸ்பானிஷ், கிரன்ஃபெல்ட், கிங்ஸ் இந்தியன், நிம்சோ, பிலிடோர், எதையும் எடுப்பார். 2013 லண்டன் கேண்டிடேட்ஸில், உலக சம்பியனுக்குச் சவால் விடுகிறவரைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் போட்டியில், புடாபெஸ்ட் காம்பிட்டைக்கூட எடுத்தார். பெரிய ஆட்கள் அந்த ஓப்பனிங்கை அரிதாகவே தீண்டுவார்கள். இதன் பலன் எதிராளியின் தயாரிப்பு வீணாவது மட்டும் அல்ல. பிரெஞ்சில் மூடிய நடுவை சி5 தள்ளி உடைப்பது, கிரன்ஃபெல்ட்டில் நடுவை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து டி4ஐத் தூரத்திலிருந்து அடிப்பது, கிங்ஸ் இந்தியனில் எஃப்5 தள்ளுவது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிப்பாய் அமைப்பு. ஒன்றில் படித்த யோசனையை இன்னொன்றில் கொண்டுவந்து போட அவரால் முடிந்தது. புதுநகர்வுகள் அவரிடம் அப்படித்தான் பிறந்தன.

1991இல் ஸ்பெயினின் லினாரெஸில் நடந்த போட்டியின் முதல் சுற்றைப் பாருங்கள். எதிரே உலக சம்பியன் காஸ்பரோவ். இவான்சுக்குக்கு 22 வயது நிரம்பவில்லை. சிசிலியனில் மூன்றாவது நகர்விலேயே பிஷப் பி5 செக் வைத்தார். பிறகு இரண்டு பிஷப்பையும் இரண்டு குதிரைக்குக் கொடுத்தார். இரண்டு பிஷப் கையில் இருந்தால் நல்லது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இவர் கொடுத்துவிட்டு, கறுப்பின் எஃப் வரிசையில் சிப்பாய்களை இரட்டையாக்கி, சி4 வைத்து நடுவைப் பூட்டினார். 23ஆவது நகர்வில் சி5 தள்ளி ஒரு சிப்பாயைக் கொடுத்துப் பூட்டைத் தானே திறந்தார். கடைசி நிலையில் காஸ்பரோவின் பிஷப்புகள் இ8இலும் எஃப்8இலும், ராணி எச்8 மூலையில். உலக சம்பியனின் காய்கள் பின்வரிசையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. 38 நகர்வு. அதே போட்டியில் முன்னாள் உலக சம்பியன் கார்போவையும் வென்று, காஸ்பரோவுக்கு அரைப் புள்ளி மேலே நின்று முதலிடம் எடுத்தார்.

இந்த மனிதரைப் பார்த்தா சிரித்தீர்கள்?

"உலக சம்பியன் ஆகவில்லையே" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகவில்லை. 2002இல் முடிந்த ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) உலக சம்பியன்ஷிப்பில் அரையிறுதியில் ஆனந்தை வென்று இறுதிக்குப் போனார். எங்கள் ஆனந்த்தான், அப்போது பட்டத்தை வைத்திருந்தவர். இறுதியில் 18 வயது பொனமரியோவிடம் நாலரைக்கு இரண்டரை என்று தோற்றார். மனம் குழம்பினால் அவர் ஆட்டமும் குழம்பும், அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் பட்டம் இருந்தால்தான் படிக்கத் தகுதி என்றால் பிரோன்ஸ்டைன், கெரெஸ், லார்சன் ஒருவரையும் படிக்க முடியாது. குகேஷ் 18 வயதில் சம்பியன் ஆனதில் எனக்கும் சந்தோஷம்தான், பிரக்ஞானந்தாவின் ஆட்டத்தையும் தவறவிடுவதில்லை. அவர்களைப் பாராட்ட இவரை மிதிக்க வேண்டுமா?

நோர்வேயின் கார்ல்சன் உலக சம்பியன் ஆன கதையிலேயே இவருடைய கை இருக்கிறது. 2013 கேண்டிடேட்ஸில் 12ஆவது சுற்றில் கறுப்புக் காயில் கார்ல்சனைத் தோற்கடித்தார். கடைசிச் சுற்றில் முன்னாள் உலக சம்பியன் கிராம்னிக்கைத் தோற்கடித்தார். தனக்குப் பட்ட வாய்ப்பே இல்லாத நிலையில், இரண்டு முன்னணிக்காரரையும் முழு மூச்சோடு ஆடி வென்றார். அந்தக் கடைசி வெற்றியால்தான் கார்ல்சன் முதலிடத்தில் தப்பி, ஆனந்தோடு ஆடச் சென்னைக்கு வந்தார்.

நேரத்தை வீணாக்குகிறவர், பிள்ளைகளுக்குக் கெட்ட உதாரணம் என்கிறார்கள். உண்மை. அதே 2013 கேண்டிடேட்ஸில் ஐந்து ஆட்டம் நேரம் முடிந்தே தோற்றார். இதில் அவரைப் பின்பற்ற வேண்டாம்.

ஆனால் "விலகி வீட்டில் இருக்கட்டும்" என்பதை ஏற்கவே மாட்டேன். 2016 டிசம்பர், டோஹா, உலக ரப்பிட் (பிளிட்ஸைவிடச் சற்று நீண்ட விரைவுச் செஸ்) போட்டி. 47 வயதில் 15 சுற்றில் 11 புள்ளி. கிரிஷ்சுக்கும் கார்ல்சனும் அதே புள்ளி, சமன்முறிப்பில் தங்கம் இவருக்கு. அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் கிராம்னிக்கை வெளியே அனுப்பினார். அவரை விலகச் சொல்வதென்றால் எந்த ஆண்டில் சொல்லியிருப்பீர்கள்? 2015இலா?

இன்னொன்று, இதுதான் மனதை அறுக்கிறது. 55 வயதில், எத்தனையோ ஆயிரம் ஆட்டங்கள் ஆடி, எல்லாப் பெரிய போட்டியும் பார்த்த ஒருவர், ஒரு பிளிட்ஸ் ஆட்டத்தைத் தோற்று அழுகிறார். ஆட்டம் அவருக்கு அவ்வளவு முக்கியம். அதைப் பார்த்துச் சிரிக்கிற பெரியவர்கள்தான் நம்மூர் மண்டபங்களில் பிள்ளை தோற்று அழுதால் "எல்லாருக்கும் முன்னால் அழுது மானத்தை வாங்காதே" என்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை செஸ்ஸுக்கு வருவதில்லை. ரியூசன் இருக்கிறது, ஸ்கொலர்ஷிப் இருக்கிறது என்று காரணம் சொல்வோம். அழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, எங்கே தவறியது என்று கேட்டு, அந்த நிலையைப் பலகையில் திரும்ப வைத்துக் காட்டுகிற ஒருவர் அங்கே இருந்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீடியோவைப் பார்த்த பிள்ளை என்ன படித்திருக்கும்? தோற்று அழுதால் ஊரே சிரிக்கும் என்றுதான்.

சரி, எதில் தொடங்குவது என்று உண்மையான அக்கறையோடு கேட்கிறவர்களுக்கு. முதலில் காஸ்பரோவ் ஆட்டம். அதில் கணக்கிட வேண்டிய சிக்கல் குறைவு, திட்டம் வடிவாகத் தெரியும். கறுப்பு பிஷப்புகள் எந்தக் கட்டங்களுக்குப் போகலாம் என்று ஐந்து நகர்வுக்கு ஒருமுறை பிள்ளையிடம் எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைவதை அதுவே கண்டுபிடிக்கும். இரண்டாவதாக 2013 கிராம்னிக் ஆட்டம். அங்கே கிராம்னிக் வெற்றி தேவைப்பட்டு பிர்க் என்ற ஓப்பனிங்கை ஆடுகிறார், ஆபத்தை விலை கொடுத்து வாங்கும் ஓப்பனிங் எப்படித் திரும்பிக் கடிக்கும் என்று தெரியும். ஷிரோவ் ஆட்டம் மூன்றாவதாக. முதல் இருபது நகர்வை மனப்பாடம் செய்ய விடாதீர்கள், அதில் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. மேலே கொடுத்த நிலையை வைத்து, கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் கொடுத்து, பதிலையும் காரணத்தையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.