வெட்டிய ஒன்றரை வரி

நேற்று கோலாலம்பூர் செந்தூலில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகள் குழாயடியில் நின்று, தண்ணீரே திறக்காமல் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா பார்த்துவிட்டு, "என்னடி, மஞ்சள் கறையா? சோப்பு போட்டுக் கழுவு" என்றார்.

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகம். அவள்தான் மெக்பெத்தின் மனைவி. தூக்கத்தில் நடந்துவந்து, கையில் இல்லாத ரத்தத்தைக் கழுவுகிற ஐந்தாம் அங்கக் காட்சிக்கு ஒத்திகை. சரி, பிரதியைக் கொடு என்று வாங்கிப் புரட்டினால், இரண்டாம் அங்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. நேரம் போதாதாம், வெட்டிவிட்டார்களாம். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே ஆகச் சிறியது இது. 1623இல் அச்சேறியபோதே இவ்வளவுதான். இதிலுமா கத்தரிக்கோல்?

வெட்டியது எதை என்று நினைக்கிறீர்கள்? மன்னன் டங்கன் விருந்தாளியாக வந்து அவர்கள் கோட்டையில் தூங்குகிறான். அவனைக் கொன்று மெக்பெத் மன்னனாக வேண்டும் என்பது திட்டம். குத்துவாள்களைத் தயாராக எடுத்து வைத்தவளே அவள்தான். வைத்துவிட்டுத் தனியாக நின்று சொல்கிறாள்: தூங்கும்போது அவர் என் அப்பா சாயலில் இல்லாமல் இருந்திருந்தால், நானே முடித்திருப்பேன்.

ஒன்றரை வரி, அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டே எங்கள் மாமா, "பொம்பளை பேச்சைக் கேட்டான், கெட்டான்" என்று ஒரே மூச்சில் தீர்ப்பு எழுதிவிடுவார். இந்த வரியை எடுத்துவிட்டால் மாமா சொல்வதுதான் சரி என்று ஆகிவிடும். சூனியக்காரிகள் மூன்று பேர் போதாதென்று நாலாவதாக ஒருத்தி.

அந்த மூவரும் மெக்பெத்திடம் "நீ மன்னனாவாய்" என்றார்களே தவிர, கொல்லச் சொல்லவில்லை. கூட நின்ற சக தளபதி பாங்க்வோவுக்கும் உன் வம்சம் ஆளும் என்று ஜோசியம் சொன்னார்கள். அவன் யார் கழுத்தையும் அறுக்கவில்லையே! டங்கன் கொலைக்கு அவள் தூண்டினாள், ஒத்துக்கொள்கிறேன். கோழை என்று ஏசித்தான் அனுப்பினாள். ஆனால் பாங்க்வோவைக் கொல்ல ஆள் வைத்தபோது மெக்பெத் அவளிடம் மூச்சுவிடவில்லை. எதிர்த்து நின்ற பிரபு மெக்டஃப்பின் பெண்டாட்டி பிள்ளைகளைக் கொல்ல ஆள் அனுப்பியபோதும் அவளைக் கேட்கவில்லை. அதற்குள் கை பழகிவிட்டது அவனுக்கு.

அவள் தூக்கத்திலும் அந்த முதல் இரவைத்தான் புலம்புகிறாள்: அந்தக் கிழவர் உடம்பில் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தது? அப்பா சாயல் பற்றிக் காதில் விழாதவர்களுக்கு, அந்தக் கிழவர் வெறும் கிழவர்.

இயக்குநரிடம் பேசிப் பார் என்றேன். "பேசிட்டேன் சித்தி. பத்து விநாடிதான் கேட்டேன், முடியாதுன்னுட்டார்" என்றாள்.

அப்புறம் மறுபடி குழாயடி. இந்தமுறை விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தைத் திண்டில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் எப்போதும் விளக்கு எரியவேண்டும் என்பது நாடகத்தில் மெக்பெத் சீமாட்டியின் உத்தரவு.

ஹாலிலிருந்து அம்மா கேட்டார்: "கரண்ட் போச்சா?"