காற்றைக் கூட்டினால் போதாது
சூடான வாயுவில் சுழலும் டர்பைன் பிளேடைக் காக்க, அதன் பரப்பிலுள்ள சிறு துளைகள் வழியே குளிர்காற்றை விடுவார்கள். அந்தக் காற்றைக் கூட்டக் கூட்ட பிளேடு குளிரும் என்று இதைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மாணவனாக இருந்தபோது விண்ட் டனலில் (காற்றோட்டத்தை உண்டாக்கிச் சோதிக்கும் கூடத்தில்) 30 டிகிரி சாய்ந்த உருளைத் துளைகளை வைத்துப் பார்த்தோம். வால்வைத் திறக்கத் திறக்க, அகச்சிவப்புக் கேமராவில் துளைக்குப் பின்னால் குளிர்ந்த பகுதியாகத் தெரிந்த நீலக் கோடு நீளவில்லை, சுருங்கிப்போனது! துளையிலிருந்து வேகம் மிஞ்சிப் பாயும் காற்றுத் தாரை பரப்பை விட்டு எழும்பிவிடுகிறது. அதன் இருபுறமும் எதிரெதிராகச் சுழலும் சுழல்கள் சூடான வாயுவை அடியில் இழுத்துவிடுகின்றன. துளையின் வாயை விசிறிபோல விரித்த பிறகுதான் தாரை வேகம் தணிந்து, படர்ந்து ஒட்டிக்கொண்டது. சரி, இன்னும் அகலமாக விரிக்கலாமே என்றால், விரியும் கோணம் அளவு மீறினால் துளைக்குள்ளேயே ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்துவிடும். அப்புறம் வெப்பத்தடுப்புப் பூச்சைத் தெளிக்கும்போது துளை வாய் கொஞ்சம் அடைபடும். வரைபடத்தில் போட்ட வடிவம் பிளேடில் அப்படியே இருக்காது.