ஒரு காற்புள்ளிக்காக சர்வரைச் சாய்த்தவர்கள்

“உங்க சைட் எப்பப் பாத்தாலும் படுத்தே கெடக்கு. ஏஐகிட்ட கேட்டா ரெண்டு செகண்ட்ல சொல்லிடுது. அப்புறம் எதுக்கு இதைக் கட்டிட்டு அழறீங்க?” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூடவே ஏஐ கொடுத்த நிரலையும் ஒட்டியிருக்கிறார். பைத்தான் மொழியில் விளையாட்டு எழுதச் சொல்லித்தரும் எங்கள் விக்கியில் (பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் தளம்) உள்ள பழைய உதாரணம் ஒன்றில் ஒரு மாறியின் பெயரை யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள். நிரல் ஓடுகிறதே என்று யாரும் திருத்தவில்லை. அவர் ஒட்டிய பதிலிலும் அச்சு அசலாக அதே எழுத்துப்பிழை!

ஐயா, உங்களுக்கு இரண்டு நொடியில் கிடைத்த அந்தப் பதிலை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதினார், சம்பளம் இல்லாமல். எங்கள் சைட் படுத்துக் கிடப்பதும் அந்த ஏஐக்குத் தீனி அள்ள பாட்களை, அதாவது தானாகப் பக்கங்களைத் திறக்கும் நிரல்களை, ஏவுகிறவர்களால்தான்.

பைகேம் என்பது பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் நிரல் தொகுப்பு, 2000-இல் பீட் ஷின்னர்ஸ் தொடங்கியது. அன்றிலிருந்து பைத்தானில் முதல் விளையாட்டை எழுதுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அதில்தான் கை வைக்கிறார்கள். அவர்களுக்காக நாங்கள் சிலர் நடத்தும் சின்ன சைட் இது. ஒரே ஒரு சர்வர். வாடகையும் எங்கள் கைக்காசுதான்.

போன தடவை பைவீக் போட்டி நடந்த வாரம். ஒரே வாரத்தில் ஒரு விளையாட்டை எழுதி முடிக்க வேண்டும், ஆகவே ஆட்கள் உண்மையாகவே உதவி தேடி வருகிற நேரம். சர்வர் மூச்சு விடவில்லை. யார் எதைக் கேட்டார்கள் என்று பதிவாகும் லாகைத் திறந்தால், இரண்டு சதுரங்கள் மோதுகின்றனவா என்று பார்ப்பதை விளக்கும் ஒரே ஒரு பக்கத்தைத்தான் போட்டுப் பிறாண்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தைக்கூட அல்ல, அதன் பழைய திருத்தங்களை. 2009-இல் இருந்ததையும் 2014-இல் இருந்ததையும் ஒப்பிட்டுக் காட்டு என்று ஒரு கோரிக்கை. திறந்து பார்த்தேன். வித்தியாசம் ஒரு காற்புள்ளி. அடுத்த வரியில் அதே இரண்டு திருத்தங்கள், வரிசை மட்டும் தலைகீழ். அதற்கும் அடுத்த வரியில் 2009-உம் 2011-உம். விக்கி இந்த ஒப்பீடுகளைத் தயாராக வைத்திருக்காது. கேட்கிற ஒவ்வொரு தடவையும் தரவுத்தளத்திலிருந்து இரண்டு பிரதிகளை எடுத்து, வரிவரியாக ஒப்பிட்டு, புதிதாகப் பக்கம் கட்டித் தர வேண்டும். 200 தடவை திருத்திய ஒரு பக்கத்துக்கு 19,900 ஜோடிகள். தலைகீழாகவும் கேட்டால் 39,800. ஒரு பக்கத்துக்கு! எங்களிடம் எத்தனை பக்கம் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?

அவர்கள் வருகிற இணைய முகவரியை, அதாவது ஐபியைத் தடுக்க வேண்டியதுதானே என்று உடனே வராதீர்கள். ஒவ்வொரு கோரிக்கையும் வேறு வேறு ஐபியிலிருந்து வருகிறது, எல்லாம் ஏதோ வீட்டு இணைய இணைப்புகள். ஒரு ஐபி ஒரு தடவை கேட்கும், அதோடு காணாமல் போய்விடும். எந்த உலாவி என்று கேட்டால் என்றைக்கோ வழக்கொழிந்த குரோம் பதிப்பின் பெயரைச் சொல்லும். திருட்டுத்தனம் இல்லையென்றால் எதற்கு இந்த வேஷம்?

ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி என்று ஒரு கோப்பு உண்டு, எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று பாட்களுக்குச் சொல்வது. 1994-இல் மார்டின் கோஸ்டர் முன்வைத்தது, 2022-இல் ஆர்எஃப்சி 9309 என்று முறையான இணையத் தரமாகவும் ஆனது. இந்தப் பக்கங்களுக்கு வராதே என்று அதில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது, மதிக்கிறவன் மதித்தால்தான் உண்டு. இவர்கள் மதிப்பதே இல்லை.

எனக்கு வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? விக்கி முழுவதையும் ஒரே ஜிப் கோப்பாகப் போட்டு, முகப்பிலேயே இணைப்பும் கொடுத்திருக்கிறோம். யாரும் எடுத்துக்கொள்ளலாம். வாசலில் சோற்றைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கும்போது கூரையைப் பிரித்து இறங்குகிறார்கள். அந்த வாரம் முழுக்க அந்த ஜிப்பை ஒரு பாட்கூடத் தொடவில்லை.

மென்பொருள்களின் விளக்க ஆவணங்களை வைத்திருக்கும் ரீட் த டாக்ஸ் தளத்தில் 2024 மே மாதம் ஒரே ஒரு கிராலர் (பக்கங்களை அள்ளும் பாட்) 73 டெராபைட் இறக்கியிருக்கிறது. பேண்ட்வித் கட்டணம் மட்டும் 5,000 டாலருக்கு மேல். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவிலோ, சர்வருக்கு அதிகச் சுமை தரும் போக்குவரத்தில் 65 சதவீதம் பாட்கள் என்று 2025 ஏப்ரலில் அவர்களே எழுதினார்கள். அவ்வளவு பெரிய அமைப்புக்கே அந்தக் கதி. கைக்காசில் ஓடுகிற நாங்கள் எங்கே போவது?

கடைசியில் வேறு வழியில்லாமல் திருத்த வரலாற்றை லாகினுக்குப் பின்னால் பூட்டிவிட்டோம். யார் எதை எழுதினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று எவரும் பார்க்கலாம் என்பதுதான் விக்கியின் உயிரே. அதை எங்கள் கையாலேயே பூட்ட வைத்துவிட்டார்கள். மற்ற பக்கங்களுக்கும் காவல் போட்டாயிற்று. உலாவி ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் பக்கம் திறக்கும். பள்ளி லேபில் கிடக்கிற பழைய கணினியில் அந்தக் கணக்கு முடியவே நேரம் பிடிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருப்பவருக்குப் பக்கமே கிடையாது. தின்றது யாரோ, தண்டனை அந்தப் பிள்ளைகளுக்கு.

அப்புறம் இன்னொன்று, இதற்கும் பாட்களுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் கோப்புக்கு பைகேம்.பை என்று பெயர் வைக்காதீர்கள்! பைத்தான் முதலில் உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டரில்தான் தேடும். உங்கள் கோப்பையே பைகேம் என்று நினைத்து எடுத்துவிட்டு, பைகேமைத் தொடங்கி வைக்கும் இனிட் அதில் இல்லை என்று கத்தும். 3.13 பதிப்பிலிருந்து பைத்தானே பிழைச் செய்தியில் கோப்பின் பெயரைக் காட்டி, இதை மாற்றிப் பாருங்கள் என்று சொல்கிறது, கடைசி வரியில். ஆனால் திரையைச் செல்போனில் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புகிறவர்கள், அந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.