காற்றோடு ஒரு டீ-பால்

ஏப்ரல் சனிக்கிழமை, சிகாகோ புறநகர் மைதானம். வெயிலைப் பார்த்து ஏமாந்து மெல்லிய ஜாக்கெட்டோடு வந்துவிட்டேன். மிச்சிகன் ஏரிக் காற்று எலும்பைத் துளைக்கிறது. மகனுக்கு 5 வயது, டீ-பால் ஆடுகிறான், அதாவது சின்னப் பிள்ளைகளுக்கான பேஸ்பால். இந்த வயதில் பந்தை வீச மாட்டார்கள், ஒரு கம்பத்தின் மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். காற்று விட்டால்தானே! பயிற்சியாளர் வைக்கிறார், விழுகிறது. மறுபடி வைக்கிறார், மறுபடி விழுகிறது. ஒருவழியாக ஒரு பிள்ளை அடித்தால், பந்தைப் பிடிக்க வேண்டியவன் பறக்கும் தொப்பியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். என் பிள்ளை? கிளவுஸைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மண்ணைக் கிளறுகிறான். எனக்கு வாயெல்லாம் புழுதி. ஸ்கோரும் கிடையாது, அவுட்டும் கிடையாது. எல்லாரும் அடித்து முடித்தால்தான் இன்னிங்ஸ் மாறும். மழை வந்தால் ஆட்டத்தை ரத்து செய்கிறார்கள், சரி. காற்றுக்கு மட்டும் ஏன் செய்வதில்லை?