தேமலை ஏன் மறைக்கிறார்கள்?

ஒவ்வொரு ஜனவரி 30-ம் தேதியும் தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. இத்தனைக்கும் இது குணமாகிற நோய். கூட்டு மருந்து சிகிச்சை 1980-களிலேயே வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆறு மாதம், பாதிப்பு கூடுதலாக இருந்தால் ஒரு வருடம், அவ்வளவுதான். மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றாது. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி உடம்பிலேயே உண்டு.

அப்புறமும் விரல் மடங்கிப்போன பிறகுதான் சிலர் டாக்டரிடம் வருகிறார்கள். காரணம் பயம். நோயைப் பற்றிய பயம்கூட இல்லை, ஊர் என்ன சொல்லும் என்ற பயம்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு முழங்கைக்கு மேலே வெளிறிய தேமல். தொட்டால் உணர்ச்சி இல்லை; தொழுநோயின் ஆரம்ப அடையாளமே அதுதான். வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். ரவிக்கைக் கையை நீளமாகத் தைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். கல்யாணம் முடிவதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்க ஆரம்பித்துவிட்டன. சுடுசோற்றுப் பானையைத் தூக்கினால் கை வெந்தது கூடத் தெரியாது; கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். விரல் அழுகி விழுகிற நோய் என்று இன்னும் நம்புகிறோமே, அது தப்பு. வலி தெரியாமல் படுகிற இந்தக் காயங்கள்தான் விரலைத் தின்கின்றன. வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இதை எப்போதோ எடுத்துச் சொல்லிவிட்டார். மடங்கிய விரல்களைத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கிற நார்) மாற்றி நிமிர்த்தியும் காட்டினார்.

அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2019 வரை இந்து திருமணச் சட்டத்திலேயே தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. சட்டமே அப்படிச் சொன்னால் சம்பந்தி வீட்டுக்காரர் என்ன சொல்வார்?

சட்டம் மாறிவிட்டது, நாம்தான் மாறவில்லை. விழிப்புணர்வு என்ற பெயரில் சிதைந்த கை கால்களைப் படம்போட்டு ஒட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். அதைப் பார்க்கிறவர் தன் தேமலை இன்னும் இழுத்து மூடத்தான் செய்வார். குணமானவர் கடை வைத்திருந்தால் அங்கே சாமான் வாங்குங்கள், விசேஷத்துக்கு அழைத்துப் பந்தியில் பக்கத்தில் உட்கார வையுங்கள். நூறு போஸ்டரைவிட அது வேலை செய்யும். வீட்டில் யாருக்காவது உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால், "ஒண்ணுமில்லை, வா, நானும் வர்றேன்" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். தனியாகப் போகச் சொன்னால் பலர் போகவே மாட்டார்கள்.