கெஸ்ட்டோட பேரைப் பாக்காதீங்க, ரிக்வெஸ்ட்டைப் படிங்க

வீட்டை நாள் வாடகைக்கு விடுற ஹோஸ்ட் குரூப்கள்ல தெனமும் யாராவது ஒருத்தர் கெஸ்ட்டோட ப்ரொஃபைலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டு "இவங்களை நம்பலாமா"ன்னு கேக்குறாங்க. அடுத்தவங்க போட்டோவை அப்படி பொதுவுல போடுறதே தப்பு. அதுக்கு கீழ வர்ற பதில்களைப் படிச்சா இன்னும் கோவம் வருது. பேரு ஒரு மாதிரி இருக்கு, மூஞ்சி சரியில்ல, சின்னப் பசங்க, வேணாம்னு தள்ளிடுங்க, இப்படித்தான் போகுது.

இது வெறும் என் எரிச்சல் இல்ல. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள் வீட்டை நாள் வாடகைக்கு விடுற தளமான ஏர்பிஎன்பில ஒரே மாதிரி புக்கிங் ரிக்வெஸ்ட்டை பேரை மட்டும் மாத்தி அனுப்பிப் பாத்தாங்க, 2017ல வெளியான ஆய்வு அது, கறுப்பினத்தவர்னு தோணுற பேர்ல போனதுக்கு ஓகே கிடைச்சது சுமார் 16 சதவீதம் கம்மி. அதுக்கப்புறம் 2018ல ஏர்பிஎன்பி, புக்கிங் உறுதியாகுற வரைக்கும் கெஸ்ட் போட்டோ ஹோஸ்ட்டுக்குத் தெரியாதுன்னே மாத்திட்டாங்க. ஏமாத்தணும்னு வர்றவன் அழகான போட்டோவும் மரியாதையான பேரும் வெச்சுக்கிட்டுதானே வருவான், அப்ப இதைப் பாத்து என்ன கண்டுபிடிக்கப் போறோம்?

பாக்க வேண்டியது அவங்க சொல்ற காரணமும் கேக்குற புக்கிங்கும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுதாங்கிறதைத்தான். 2019ல கலிஃபோர்னியாவுல ஒரிண்டாங்கிற ஊர்ல ஹாலோவீன் அன்னைக்கு ஒரு வாடகை வீட்டு பார்ட்டில துப்பாக்கிச் சூடு நடந்து 5 பேர் செத்தாங்க. அந்த வீட்டை எடுத்தவங்க சொன்ன காரணம், குடும்பத்துல ஒரு டஜன் பேருக்கு ஆஸ்துமா, காட்டுத்தீ புகையிலேர்ந்து தப்பிக்க இடம் வேணும்னு. ஆனா கேட்டது ஒரே ஒரு ராத்திரி, அதுவும் ஹாலோவீன் ராத்திரி. புகைக்கு பயந்து வர்ற குடும்பம் ஒரு ராத்திரிக்கு மட்டுமா கேக்கும்? அந்த சம்பவத்துக்கு அப்புறம்தான் ஏர்பிஎன்பி பார்ட்டி வீடுகள் மேல கை வெச்சது, 2020 ஆகஸ்ட்ல உலகம் முழுக்க பார்ட்டிக்குத் தடை போட்டு 2022 ஜூன்ல அதை நிரந்தரமாக்கிட்டாங்க.

அதுக்காக நம்ம வீடு இருக்கிற அதே ஊர்க்காரங்க ஒரு ராத்திரி கேட்டாலே பார்ட்டின்னு முடிவு பண்ணிடக் கூடாது. வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்களா இருக்கும், சொந்தக்காரங்க ஆஸ்பத்திரில இருக்கலாம். ரிவ்யூவே இல்லாத புது அக்கவுன்ட்டும் குத்தம் இல்ல, எல்லாருக்கும் முதல் தடவைன்னு ஒண்ணு இருக்கு. கேட்டுடுங்க, அவ்ளோதான். "எத்தனை பேர் தங்குறீங்க, என்ன விஷயமா வர்றீங்க, விதிமுறையைப் படிச்சீங்களா"ன்னு நிதானமா கேட்டா நேர்மையா வர்றவங்க ரெண்டு வரில பதில் சொல்லிடுவாங்க. பதிலே சொல்லாம "பக்கத்து வீடு எவ்ளோ தூரம், கேமரா எங்கெங்க இருக்கு, பத்து கார் நிறுத்த முடியுமா"ன்னு திருப்பிக் கேட்டுக்கிட்டே இருந்தா அங்க உஷாராகணும். வேற ஒருத்தருக்காக புக் பண்றேன்னு சொன்னா, தங்கப் போறவங்களையே அவங்க அக்கவுன்ட்ல பண்ணச் சொல்லிடுங்க.

காசு விஷயத்துல மட்டும் எனக்கு இந்த தாட்சண்யமே கிடையாது. "சர்வீஸ் ஃபீ மிச்சமாகும், வாட்ஸ்அப்ல வாங்க, நேரா அனுப்பிடுறேன்"னு சொன்னா பேச்சு அங்கயே முடிஞ்சது. வெளிய காசு வாங்கின நிமிஷமே டேமேஜ் கவர் (வீட்டுக்கு சேதமானா கிடைக்கிற ஈடு), சப்போர்ட், ரிவ்யூ எதுவும் நமக்கு இல்ல, நம்ம அக்கவுன்ட்டையே மூடவும் செய்யலாம். இதுல ரொம்ப மோசமானது அந்த கூடுதல் செக் வேலை. வாடகையை விட பெரிய தொகைக்கு செக் அனுப்பி, மீதியை எங்க டிரைவருக்கோ விழா ஏற்பாட்டாளருக்கோ குடுத்துடுங்கன்னு சொல்லுவாங்க. பேங்க் முதல்ல நம்ம கணக்குல வரவு வெச்சுடும், அதை நம்பி மீதியை அனுப்பிடுவோம், சில நாள் கழிச்சு செக் போலின்னு திரும்பி வரும், அனுப்பினது நம்ம சொந்தக் காசு, போனது போனதுதான்.

இன்னொண்ணு, "நீங்க நிஜ ஹோஸ்ட்டான்னு பாக்க ஒரு கோட் அனுப்பிருக்கேன், சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. அது உங்க அக்கவுன்ட்டுக்குள்ள நுழையுற ஓடிபி, எந்த கெஸ்ட்டுக்கும் அது தேவையே இல்ல. லிங்க்கும் அப்படித்தான். ஹோட்டல் புக்கிங் தளமான புக்கிங் டாட் காம் பேர்ல, கெஸ்ட் கேள்வி கெஸ்ட் கம்ப்ளெயின்ட்னு மெயில் அனுப்பி ஹோட்டல்காரங்க கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்ட் திருடுற சாஃப்ட்வேரை ஏத்துறாங்கன்னு மைக்ரோசாஃப்ட்டே 2025 மார்ச்ல எச்சரிச்சிருக்கு. மெயில்ல வந்த லிங்க்கைத் தொடாம நீங்களே ஆப்பைத் திறந்து அந்த மெசேஜ் அங்க இருக்கான்னு பாருங்க.

ஒரு ரிக்வெஸ்ட்டை மறுக்கணும்னா 24 மணி நேரத்துக்குள்ள மறுத்துடுங்க, பதில் சொல்லாம விட்டா ரெஸ்பான்ஸ் ரேட், அதாவது எத்தனை பேருக்கு நேரத்துல பதில் சொல்றோம்ங்கிற கணக்கு, அடி வாங்கும். ஏற்கனவே உறுதியான புக்கிங்னா பயத்துல நீங்களா கேன்சல் பட்டனை அமுக்கிடாதீங்க, கெஸ்ட் பார்ட்டி வைக்கப் போறதா எழுதின மெசேஜ் மாதிரி ஆதாரத்தைக் காட்டி முதல்ல சப்போர்ட்ல பேசுங்க, விதியை மீறப் போறாங்கங்கிறதுக்கு ஆதாரம் இருந்தா அபராதம் இல்லாம ரத்து பண்ண வழி இருக்கு. அதனாலதான் போன்ல பேசினாலும், பேசினதை ஒருதடவை ஆப் மெசேஜ்லயும் எழுதிக் கேட்டு வாங்கி வைங்கன்னு சொல்றேன்.