தலைவர் பேச்சும் 40 நிமிடமும்

(2020 நவம்பர் கடைசி. நிவர் புயல் போன ஈரம் இன்னும் காயாத ஒரு மொட்டை மாடி, பெரம்பூர் அகரத்தில். ரயில்வே ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர் ஒரு முனையில் நாற்காலி போட்டிருக்கிறார், பொருளாளர் மறுமுனையில். நடுவில் ஆறடி இடைவெளி, அதில் ஒரு துணிக்கொடி. பொருளாளர் கேட்கும்போது மாஸ்க்கை மூக்கு வரை ஏற்றிக்கொள்வார், பேசும்போது தாடைக்கு இறக்கிவிடுவார். கொரோனா பேச்சில் பரவாது என்பது அவர் கட்சி.)

செயலாளர்: நம் மாநாடு டிசம்பர் 17, வியாழக்கிழமை. தேதியை மாற்றவே முடியாது. ஓய்வூதியர் தினம்ப்பா அது. 1982ல் அதே தேதியில்தான் நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, பென்ஷன் என்பது யாரும் இரக்கப்பட்டுப் போடுகிற பிச்சை இல்லை, உழைத்தவன் உரிமை என்று.

பொருளாளர்: அதை வருஷா வருஷம் நீங்கள் சொல்கிறீர்கள், நானும் வருஷா வருஷம் கைதட்டுகிறேன். மண்டபம் கிடைக்குமா, அதைச் சொல்லுங்கள் அண்ணே.

செயலாளர்: மண்டபம் கிடைக்கும், ஆள்தான் வராது. 65 வயது தாண்டியவர்கள் வீட்டிலேயே இருங்கள் என்று அரசாங்கம் சொல்கிறது. நம் சங்கத்தில் 65க்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

பொருளாளர்: போன வருஷம் ரிட்டையர் ஆனவர்கள். நம் இளைஞர் அணி.

செயலாளர்: அவர்கள் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி, அரக்கோணம். லோக்கல் ரயிலை இன்னும் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. காலமெல்லாம் ரயில் பெட்டி செய்தவன், பிளாட்பாரத்துக்குள்ளே கால் வைக்க முடியாமல் வெளியே நிற்கிறான். அதனால்தான் சொல்கிறேன், மாநாட்டை ஆன்லைனில் வைத்துவிடுவோம்.

பொருளாளர்: ஆன்லைனில் எப்படி அண்ணே பிரியாணி போடுவது?

செயலாளர்: மாநாடு என்றால் உனக்கு பிரியாணிதானா? மார்ச்சில் அகவிலைப்படியை 4 சதவீதம் ஏற்றி 21 ஆக்குகிறோம் என்றார்கள், ஏப்ரலில், அடுத்த வருஷம் ஜூன் வரைக்கும் ஒன்றும் கிடையாது, பழைய 17தான் என்று நிறுத்திவிட்டார்கள். அதைக் கண்டித்து ஒரு தீர்மானம். மாதாந்திர மருத்துவப்படி 2017லிருந்து அதே 1000 ரூபாயில் நிற்கிறது, அதை உயர்த்தச் சொல்லி ஒன்று.

பொருளாளர்: தீர்மானத்துக்கு எவன் வருகிறான்? வாசலில் மேசை போட்டு உட்காருகிறவன் நான், எனக்குத் தெரியும். சந்தா கட்டினால்தான் சாப்பாட்டு டோக்கன். டோக்கனைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்த பிறகுதான் உள்ளே போய் உட்காருகிறான், தால்ச்சா வாசனை வருகிற வரைக்கும் எந்தத் தீர்மானத்துக்கு வேண்டுமானாலும் கை தூக்குகிறான். பிரியாணி இல்லையென்றால் சந்தா இல்லை, சந்தா இல்லையென்றால் சங்கமே இல்லை. அந்த வாசனையை எந்த ஆப்பில் அனுப்புவீர்கள்?

செயலாளர்: சந்தாவை ஜிபேயில் போடச் சொல்.

பொருளாளர்: யாரை? போன வாரம், பென்ஷன் தொடர வருஷா வருஷம் கொடுக்கிற உயிர்ச் சான்றுக்கு நம் உறுப்பினர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஃபிட்டர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அரம் பிடித்த கை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள், துணியால் துடைத்து வைத்துப் பார்த்தார்கள், மெஷினில் ஒரு ரேகை விழவில்லை. ஆள் எதிரே நிற்கிறார், நான் உயிரோடுதான்யா இருக்கிறேன் என்று கத்துகிறார், மெஷின் ஒப்புக்கொள்ளவே இல்லை. கத்திய கத்தில் இருமல் வந்துவிட்டது. அவ்வளவுதான், வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடிவிட்டார்கள்.

செயலாளர்: அப்புறம்?

பொருளாளர்: அப்புறம் என்ன, வரிசையே இல்லை, உடனே பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்த மாதிரி ஆளைப் போய் ஜிபே செய்யச் சொல்கிறீர்கள்.

செயலாளர்: சரி சரி, சந்தாவை உன் பையனை விட்டு வீடு வீடாக வாங்கு. கூட்டத்துக்கு ஜூம் இருக்கிறது. என் பேத்தி கல்லூரிப் பாடமே அதில்தான் படிக்கிறாள். படிக்கிறாளா என்பது வேறு விஷயம். 100 பேர் வரைக்கும் இலவசம்.

பொருளாளர்: அது பாதுகாப்பு இல்லை என்று ஏப்ரலில் உள்துறையே சொன்னதே?

செயலாளர்: நம் சங்கத்தில் திருட என்ன ரகசியம் இருக்கிறது?

பொருளாளர்: வரவு செலவுக் கணக்கு இருக்கிறதே.

செயலாளர்: அதை உறுப்பினர்களுக்கே நீ இன்னும் காட்டவில்லை. திருடனாவது எடுத்து வெளியே விட்டால் நல்லதுதான்.

பொருளாளர்: (மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருக்கிறார்.) ஆடிட்டர் ஊருக்குப் போயிருக்கிறார் அண்ணே.

செயலாளர்: ஏப்ரலில் இருந்தா?

பொருளாளர்: இ பாஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டார். அதை விடுங்கள். இதில் மியூட் என்று ஒன்று இருக்கிறதாமே, அதை யார் பார்த்துக்கொள்வது? ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையின் ஷெல் பிரிவில் தகடு தட்டியவர்கள், எஞ்சின் பட்டறையான லோகோ ஒர்க்ஸில் பாய்லர் பார்த்தவர்கள், ஒருத்தனுக்கும் காது கேட்காது, அதனால் எதிராளிக்கும் கேட்காது என்று நினைத்துத்தான் பேசுவான். நீங்கள் போனில் மியூட் போட்டாலும் பின்தெருவிலிருந்து ஜன்னல் வழியாக வந்துவிடும். போனில் வருவதற்கு முன்னாடியே வந்துவிடும்.

செயலாளர்: அதுவும் நல்லதுதான், நெட் போனாலும் கூட்டம் நிற்காது.

பொருளாளர்: மேடை?

செயலாளர்: ஜூமில் ஏது மேடை? எல்லோருக்கும் ஒரே அளவு கட்டம்.

பொருளாளர்: அண்ணே, சங்கத்தை உடைக்கிற பேச்சு இது. துணைத்தலைவர் இரண்டு பேரில் யார் தலைவருக்கு வலது பக்கம் உட்காருவது என்று போன மாநாட்டில் நடந்த சண்டை மறந்துபோச்சா? நடுவில் ஒரு காலி நாற்காலி போட்டு, அதில் மினரல் வாட்டர் பெட்டியை வைத்துத்தானே சமாதானம் செய்தோம். இப்போது பார்த்தால் ஒருத்தர் கட்டம் மேலே வரும், இன்னொருத்தர் கட்டம் கீழே வரும், கீழே வந்தவர் அன்றைக்கே புதுச் சங்கம் பதிவு செய்துவிடுவார். 1975ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார் மனிதர்.

செயலாளர்: பேத்தியிடம் கேட்டேன். ஒவ்வொருத்தர் போனிலும் கட்டம் வேறு வேறு வரிசையில் தெரியுமாம். இரண்டு பேரிடமும், உங்களைத்தான் மேலே வைத்திருக்கிறோம் என்று தனித்தனியாகச் சொல்லிவிடலாம்.

பொருளாளர்: (முதல் முறையாக முகம் மலர்ந்து) இதில் விஷயம் இருக்கிறது போலிருக்கிறதே. பொன்னாடை?

செயலாளர்: 80 வயது முடித்தவர்கள் வீட்டுக்கு முன்கூட்டியே கொடுத்தனுப்பி, பெயர் சொன்னதும் அவரவர் வீட்டம்மாவே போர்த்திவிடட்டும்.

பொருளாளர்: கொடுத்தனுப்பினால் திரும்பி வராதே.

செயலாளர்: பொன்னாடை எதற்குய்யா திரும்பி வரவேண்டும்?

பொருளாளர்: (இருமுகிறார். ஆறடி இடைவெளி எட்டடி ஆகிறது.) ஒன்றுமில்லை. செலவைச் சொன்னேன்.

செயலாளர்: நமக்கு இருக்கிற ஒரே சிக்கல், இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். நாற்பது ஆனதும் அறுந்துவிடும். காசு கட்டினால் அந்த வரம்பு கிடையாது.

பொருளாளர்: காசு கட்டவே முடியாது. அமெரிக்கக் கம்பெனிக்குச் சந்தா என்று எந்தத் தலைப்பில் எழுதுவேன்? (விரல் விட்டுக் கணக்குப் போடுகிறார்.) அண்ணே... தலைவர் பேச்சு?

செயலாளர்: அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.

பொருளாளர்: 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தை அவர் நாள் வாரியாகச் சொல்வார். மே 8ல் ஆரம்பித்து மே 27 வரைக்கும். போன மாநாட்டில் அவர் மே 19க்கு வந்தபோது பந்தியே போட்டுவிட்டோம். 40 நிமிடத்தில் மே 12 தாண்டமாட்டார். இத்தனை வருஷமாக மாலை போட்டும் நிறுத்த முடியவில்லை, சீட்டு எழுதிக் கொடுத்தும் நிறுத்த முடியவில்லை, மைக் செட்காரனுக்குக் காசு கொடுத்துக்கூடப் பார்த்தோம்.

செயலாளர்: நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிறை போன மனுஷன், மரியாதை வேண்டும்.

பொருளாளர்: மரியாதை முழுசாகக் கொடுப்போம். முதல் கூட்டம் முழுக்க அவருக்கே. அறுந்ததும் இரண்டாவது லிங்க் எல்லோருக்கும் போகும், அவருக்கு மட்டும் போக மறந்துவிடும். அதில் தீர்மானம், கணக்கு, நன்றியுரை, கடைசியில் நான் ஒரு சொல் சொல்வேன். பார்சல் வண்டி வாசலுக்கு வரும்போது அந்தச் சொல்லைச் சொல்கிறவருக்குத்தான் பிரியாணி. ஒருத்தன் நடுவில் எழுந்து போகமாட்டான்.

செயலாளர்: என்ன சொல்?

பொருளாளர்: அகவிலைப்படி.

செயலாளர்: உன் ஆட்கள் அதைக் கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். உறுப்பினர் இல்லாதவன்கூட வாசலில் நின்று அகவிலைப்படி என்பான்.

பொருளாளர்: சந்தாவை வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொள்வோம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு ஸ்வீட் பெட்டி கூரியரில் போகட்டும்.

(செயலாளரின் போன் அடிக்கிறது. அவர் ஸ்பீக்கரில் போடவில்லை, தேவையும் இல்லை. எதிர்முனையும் லோகோ ஒர்க்ஸ்தான்.)

செயலாளர்: வணக்கம் தலைவரே... ஆமாம், அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்... ஜூமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?... பேரனா?... ஓ... அவர் ஆபீஸ் கணக்கா?... வரம்பே கிடையாதா?... சரிங்க தலைவரே. ரொம்ப சந்தோஷம்.

(வைக்கிறார். பொருளாளர் மாஸ்க்கை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை, கையில் பிடித்தபடி இருக்கிறார்.)

செயலாளர்: எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஓடுமாம். இந்த வருஷமாவது மே 27 வரைக்கும் சொல்லி முடித்துவிடலாம் என்கிறார். பேரன் ரெக்கார்டும் செய்யப்போகிறானாம், வராதவர்களுக்கு அனுப்ப.

பொருளாளர்: பாய்க்குப் போன் போடுகிறேன் அண்ணே. தம்மை மதியத்துக்குப் போடவேண்டாம், ராத்திரி எட்டு மணிக்கு மேலே போடட்டும்.